புறம்போக்கு நிலம்: யார் பெயரில் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, யாரிடம் போவது

ஊர் ஓடையை யாரோ மூடிவிட்டார்கள், மேய்ச்சல் நிலத்தில் வேலி விழுந்துவிட்டது என்று தமிழ்நாட்டில் தரப்படும் மனுக்களில் ஏராளமானவை "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகின்றன. அதிகாரி அலட்சியமானவர் என்பது மட்டும் காரணமில்லை. ஏரி, பாதை, மயானம், தரிசு எல்லாமே பதிவேட்டில் அரசு நிலம்தான். ஆனால் பராமரிப்பது ஒருவர், ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் இன்னொருவருக்கு, அளந்து காட்டுவது மூன்றாமவர். இந்த மூன்றும் தெரியாமல் எழுதிய மனு மேஜை மேஜையாகச் சுற்றிவிட்டு மனுதாரரிடமே திரும்பி வரும். அதனால் மனுவை எழுதும் முன் காகிதங்களைத் திரட்டுங்கள்.

முதலில் 'அ' பதிவேடு

நிலத்தின் வகையைச் சொல்லும் அடிப்படை ஆவணம் கிராம 'அ' பதிவேடு. பட்டா, சிட்டா எல்லாம் அதற்குப் பிறகுதான். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவை தெரிந்தால் தமிழக அரசின் இ-சேவை நில ஆவண இணையதளத்திலேயே இதன் நகலைப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் மூலப் பதிவேடு இருக்கும். இணையத்தில் பார்த்ததை வைத்து நடவடிக்கையில் இறங்காமல், சான்றிட்ட நகல் வாங்கிவிடுவது நல்லது. கணினியில் ஏற்றும்போது உட்பிரிவு எண் மாறிப்போன இடங்கள் உண்டு.

ஒரு வரியை எடுத்துப் படிப்போம். புல எண், அதாவது சர்வே எண், 112, உட்பிரிவு 3. அடுத்து பழைய புல எண். பிறகு ரயத்துவாரியா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலம்) இனாமா (முன்பு கொடையாகத் தந்த நிலம்) என்பது. அதற்கடுத்து நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்ற பாகுபாடு. தொடர்ந்து மண் வயனமும் ரகமும், தரம், ஹெக்டேருக்கான தீர்வை (நில வரி) வீதம். பின்னர் பரப்பு 0-12.50 என்று இருக்கிறது. கடைசியாகப் பட்டா எண்ணும் பெயரும், அதற்கும் அப்பால் குறிப்பு.

பரப்பில் கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக 0-12.50 என்றால் 12.5 ஏர், கிட்டத்தட்ட 31 சென்ட். இதை 12.5 சென்ட் என்று படித்துவிட்டு "மீதி எங்கள் நிலம்" என்று வாதாடுவோர் இன்றைக்கும் உண்டு.

புறம்போக்கு என்றால் மண் ரகம், தரம், தீர்வை ஆகிய பத்திகள் காலியாக இருக்கும். பெயர் வர வேண்டிய இடத்தில் சர்க்கார் புறம்போக்கு என்றோ, குறிப்பில் 'ஓடை', 'வண்டிப்பாதை', 'களம்' என்றோ இருக்கும். தரமும் தீர்வையும் எழுதியிருந்து பட்டாதாரர் மட்டும் இல்லை என்றால் அது தீர்வை ஏற்பட்ட தரிசு. சாகுபடிக்கு ஏற்றது என்று அரசு மதிப்பிட்டு, இன்னும் யாருக்கும் கொடுக்காத நிலம் என்று பொருள். தீர்வையும் இல்லாதது தீர்வை ஏற்படாத தரிசு. பாறை, கரடு, கல்லாங்குத்து பெரும்பாலும் இதில் வரும். தரிசை ஒப்படை செய்வது, அதாவது அரசு ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது, எளிது, நீர்நிலைப் புறம்போக்கை ஒப்படை செய்வது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே இந்த வேறுபாடு முக்கியம்.

நகரங்களில் கதை வேறு. அங்கே வார்டு, பிளாக், நகரளவை எண் என்ற வரிசையில் நகர நில அளவைப் பதிவேடு இருக்கும். பழைய சர்வே எண்ணுக்கும் நகரளவை எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய எண்ணைப் போட்டுத் தரும் மனு "அப்படி ஒரு எண் இல்லை" என்று திரும்பிவரும்.

இன்றைய பதிவேட்டில் பட்டா என்றிருந்தால்

ஊரார் எல்லோரும் குளம் என்கிறார்கள், பதிவேட்டில் பட்டா என்று இருக்கிறது. அப்படியானால் பழைய பதிவேடுகளுக்குப் போக வேண்டும். இப்போது நடைமுறையில் உள்ள பதிவேடு 1979-ல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அலுவலக வழக்கில் யூ.டி.ஆர்., உருவானது. நிலம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து அவசரமாகப் பெயர் எழுதிய தவறுகள் இதில் நிறைய. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டை, எஸ்.எல்.ஆர். என்று சொல்லிக் கேளுங்கள். அதில் புறம்போக்காக இருந்து யூ.டி.ஆரில் பட்டாவாகியிருந்தால், இடையில் ஒப்படை உத்தரவு ஏதும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உத்தரவு இல்லையென்றால் அது பதிவுப் பிழை. யூ.டி.ஆர். பிழைத் திருத்தத்துக்கென்று மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும் வழி இருக்கிறது.

ஜமீன், இனாம் கிராமங்களில் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் எஸ்டேட் முழுவதும் அரசுக்கு வந்தது. சிறு இனாம்கள் 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களில் வந்தன. ரயத்துவாரி பட்டா பெறாத நிலம் அரசிடமே நின்றது. ஜமீன்தார் வாரிசு விற்றதாக ஒரு பத்திரம் காட்டப்பட்டால், அந்தக் கிராமம் எந்தச் சட்டத்தில் எடுக்கப்பட்டது, அந்த எண்ணுக்கு செட்டில்மென்ட் தாசில்தார் பட்டா கொடுத்தாரா என்று பாருங்கள். பத்திரம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது.

எந்தப் புறம்போக்கு யார் பொறுப்பு

ஏரியில் தொடங்கலாம். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதற்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊரணி, குட்டை ஊராட்சியிடம். சாலைப் புறம்போக்கு, சாலையின் தரத்தைப் பொறுத்து நெடுஞ்சாலைத் துறை, ஒன்றியம் அல்லது ஊராட்சி. மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), களம், மயானம், வண்டிப்பேட்டை, தோப்பு போன்றவை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் ஆளுகைக்குள் வருகின்றன. ஆனால் நிலத்தின் உரிமை அரசிடம்தான். ஊராட்சித் தலைவர் மேய்க்காலை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. தரிசு நேரடியாக வருவாய்த் துறையின் கையில்.

காப்புக் காடு வனத் துறைக்கு உரியது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் 'காடு' என்று மட்டும் எழுதப்பட்ட நிலங்களும் உண்டு. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு, யாருடைய பெயரில் இருந்தாலும் ஆவணத்தில் காடு என்று இருந்தால் வனப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தொடும். மலையடிவாரத்தில் தரிசு கேட்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோயில் நிலம் அரசு நிலம் அல்ல. கோயில் பெயரில் பட்டா இருந்தால் அது அந்தக் கோயிலின் சொத்து. ஆக்கிரமிப்பை அகற்றுவது 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின்படி, இணை ஆணையர் வழியாக. தாசில்தாரிடம் கொடுத்துப் பயனில்லை.

நத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் அங்கேதான். பதிவேட்டில் 'கிராம நத்தம்' என்று இருப்பதைப் பார்த்து அரசு நிலம் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஊரார் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுங்கிய பகுதி அது. வீடும் புழக்கடையும் குடியிருப்பவருக்குரியவை என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே வீட்டுமனையையும் புழக்கடையையும் விலக்கி வைத்திருக்கிறது. நத்தத்துக்குள் உள்ள தெரு, பொதுக் கிணற்றடி, காலியிடம் மட்டும் நத்தம் நிலவரித் திட்டத்தில் சர்க்கார் புறம்போக்காகக் காட்டப்பட்டிருக்கும். அதற்கு நத்தம் அடங்கலை, அதாவது நத்தத்துக்கான தனிப் பதிவேட்டை, பார்க்க வேண்டும், 'அ' பதிவேடு போதாது.

உரிமை போலத் தோன்றும் காகிதங்கள்

அரசு நிலத்தில் இருப்பவர்கள் ஒரு கட்டுக் காகிதம் காட்டுவார்கள். எது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பி-மெமோ ரசீது. 30 ஆண்டுக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வைத்து, அரசு தன்னை அங்கீகரித்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பி-மெமோ என்பது அனுமதியின்றி அரசு நிலத்தைப் பயன்படுத்தியதற்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி போடும் தீர்வையும் தண்டமும். சிவாய் ஜமா என்று பழைய கணக்குகளில் வருவதும் இதுவே. இந்த ரசீது, நிலம் அரசுடையது என்பதை வைத்திருப்பவரே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. அரசுக்கு எதிராக எதிரிடை அனுபவம் (நெடுநாள் கைவசம் வைத்திருந்ததால் வரும் உரிமை) கோர 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி 30 ஆண்டு வேண்டும், தனியாருக்கு எதிராக என்றால் 12. அந்த 30 ஆண்டும் உரிமையாளரை மறுத்து அனுபவித்ததாக இருக்க வேண்டும். பி-மெமோ கட்டியவர் அந்த வாதத்தைத் தானே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

2சி பட்டா. இது மரப் பட்டா. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை, தென்னையின் பலனை அனுபவிக்கும் உரிமை மட்டும். மண் அதில் சேராது.

வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை. குடியிருப்பைக் காட்டும், உரிமையைக் காட்டாது.

வில்லங்கச் சான்று. பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல்தான் அது. புறம்போக்கை ஒருவர் இன்னொருவருக்கு விற்று அது பதிவாகியிருந்தால், வில்லங்கச் சான்றில் அந்த விற்பனை அழகாக வந்து நிற்கும். இப்போது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அரசு நிலத்தை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்யத் தடை போடுகிறது. அதற்கு முன்பு பதிவானவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

நிபந்தனைப் பட்டா. நிலமற்ற ஏழைக்கு ஒப்படை செய்த நிலம், பஞ்சமி நிலம், உச்சவரம்பு உபரி நிலம் எல்லாம் பட்டா நிலமாகவே தெரியும். ஆனால் யாருக்கு விற்கலாம், எத்தனை ஆண்டு கழித்து விற்கலாம் என்ற நிபந்தனை ஒப்படை உத்தரவில் இருக்கும். 1892-ல் வந்த ஆணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வழங்கிய பஞ்சமி நிலத்தை அந்த வகுப்புக்கு வெளியே விற்றால் செல்லாது. 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியை மட்டும் நம்பாமல், ஒப்படைப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

தரையில் எங்கே இருக்கிறது

காகிதத்தில் ஓடை 112/3. தரையில் அது எங்கே? இதற்குப் புல வரைபடம், அதாவது எஃப்.எம்.பி. வேண்டும். அதுவும் இணையத்தில் கிடைக்கும். பக்கத்துப் புலங்களின் வரைபடங்களையும் சேர்த்தே எடுங்கள், ஏனென்றால் ஓடை ஒரு புலத்தோடு நிற்காது. பழைய வரைபடங்களில் அளவுகள் லிங்கில் இருக்கும், புதியவற்றில் மீட்டரில். 100 லிங்க் என்பது 66 அடி, அதாவது 20.12 மீட்டர். லிங்கை மீட்டராகப் படித்தால் 10 மீட்டர் வாய்க்கால் 50 மீட்டர் ஆகிவிடும். பிறகு ஊரே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கைப்பேசியில் இடம் பார்த்து எல்லை சொல்லாதீர்கள். அதன் பிழையே சில மீட்டர் வரும். 4 மீட்டர் அகல வாய்க்காலுக்கு அது எதற்கும் உதவாது. செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகளை வரைந்து காட்டும் வசதிகளையும் வழிகாட்டியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைக்கு எல்லைக் கல்தான் ஆதாரம். கல் தணிக்கை செய்வது கிராம நிர்வாக அலுவலரின் வேலைகளில் ஒன்று. கல் காணாமல் போயிருந்தால் குறு வட்ட அளவர் அதற்கு மேற்பட்ட நிலையான குறிகளிலிருந்து, கிராம முச்சந்திக் கல் (மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல்) வரை கூடப் போய், அளந்து வர வேண்டியிருக்கும். சொந்த நிலத்தை அளக்க எஃப்-லைன் மனு தாமே போடலாம், கட்டணமும் உண்டு. புறம்போக்கை அளக்க நேரடியாக அப்படிப் போட முடியாது, தாசில்தார் உத்தரவு வேண்டும். இதற்கொரு சுற்றுவழி உண்டு. ஓடையை ஒட்டிப் பட்டா வைத்திருப்பவர் தன் நிலத்துக்கு எஃப்-லைன் போட்டால் பொது எல்லையும் அளந்தாகிவிடும்.

ஏரியில் இன்னொரு சிக்கல். வரைபடம் காட்டுவது ஏரிப் புறம்போக்கின் எல்லையை, தண்ணீர் நிற்கும் எல்லையை அல்ல. முழுக் கொள்ளளவில் நீர் பட்டா நிலத்துக்குள்ளும் ஏறலாம். ஏரி உள்வாயில் (நீர் பரவும் பகுதியில்) உண்மையான பட்டாக்களும் இருக்கின்றன. தண்ணீர் நிற்கிறது, ஆகவே ஆக்கிரமிப்பு என்று எழுதிய மனு முதல் விசாரணையிலேயே விழுந்துவிடும்.

ஆக்கிரமிப்பு மனு: வரிசை தவறாமல்

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணம்தான் கேட்க வேண்டும். இந்தச் சர்வே எண்ணுக்கு எஸ்.எல்.ஆர். மற்றும் யூ.டி.ஆர். 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம், கடந்த 3 பசலிகளின் (வருவாய் ஆண்டுகளின்) அடங்கல் (நிலம் எப்படிப் பயன்படுகிறது என்ற கிராமக் கணக்கு), பி-மெமோ பதிவேட்டின் பக்கம், 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் ஏதும் வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல். பசலி ஜூலை 1-ல் தொடங்கும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 1435-ஆம் பசலி. பதிலுக்கு 30 நாள் கெடு.

அடங்கல் நகல் வந்ததும் அதில் ஆக்கிரமிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அரசே ஒப்புக்கொண்டாயிற்று, உங்கள் வேலை பாதி முடிந்தது. எழுதவில்லையென்றால் அதுவே உங்கள் மனுவின் முதல் கோரிக்கை.

அடுத்து தாசில்தாருக்கு மனு, நகல் பராமரிக்கும் துறைக்கும் கோட்டாட்சியருக்கும். சர்வே எண், வகை, மொத்தப் பரப்பு, ஆக்கிரமிப்பின் தோராயப் பரப்பு, எந்தத் திசையில் என்பவை ஒரே பக்கத்தில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். ஜமாபந்தியில், அதாவது ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நாளில், கொடுப்பதற்குத் தனிப் பலன் உண்டு. அன்று கிராமக் கணக்குகள் எல்லாம் அதே பந்தலில் இருக்கும், "பதிவேடு பார்த்துச் சொல்கிறோம்" என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆக்கிரமிப்புப் புகார்களைக் கையாளும் முறைக்கென்றே வருவாய்த் துறையின் 04.12.2014 தேதியிட்ட அரசாணை எண் 540 இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

அதன்பின் நடக்க வேண்டியது: நில அளவை, ஆக்கிரமிப்பாளருக்கு 7-ஆம் பிரிவில் காரணம் கேட்டு நோட்டீஸ், அவர் பதில், அதைப் பரிசீலித்து 6-ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. ஏரி நீர்வளத் துறையிடம் இருந்தால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், அதற்கெனத் தனிப் படிவங்கள். நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். எந்தச் சட்டமானாலும் பெரும்பாலும் கோட்டைவிடுவது நோட்டீஸில். பெயர் தவறு, உட்பிரிவு தவறு, பதிலுக்கு நேரம் தராமல் உடனே இயந்திரத்தைக் கொண்டுவருவது. ஆக்கிரமிப்பாளர் அன்றே உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்குவார், கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கும். விரைவாக இடிக்கச் சொல்லி அதிகாரியை நெருக்குவதை விட, நோட்டீஸ் சரியாகப் போயிருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எதிர்த்தரப்பு வரன்முறை, அதாவது ஆக்கிரமிப்பையே முறைப்படுத்திப் பட்டா, கேட்கும். இங்கே ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு என்ற பிரிவு வருகிறது. தரிசிலும் பயன்பாட்டில் இல்லாத களத்திலும் நெடுநாள் வீடு கட்டியிருக்கும் ஏழைகளுக்கு அரசு அவ்வப்போது ஆணை வெளியிட்டுப் பட்டா தருகிறது. அதில் தவறேதும் இல்லை. நீர்நிலை, பாதை, மயானம், மேய்க்கால் ஆட்சேபணைக்குரியவை. பொதுக் குளங்களையும் ஊர்ப் பொது நிலங்களையும் மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனுவின் கடைசிப் பத்தியில் அதற்கு இடம் கொடுங்கள். குடிசை போட்ட நிலமற்றவர் என்றால் மாற்று இடமும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். ஊரும் பிளவுபடாது, வழக்கும் நீளாது.

அரசே நிலத்தைக் கொடுக்கும்போது

ஆக்கிரமிப்பில் போவது மட்டுமல்ல, முறையான கோப்பிலும் பொது நிலம் கைமாறும். வருவாய்த் துறையின் நடைமுறை விதிகளான வருவாய் நிலை ஆணைகளில் 15 சாகுபடி ஒப்படைக்கு, 21 வீட்டுமனைக்கு, 24 நில உரிமை மாற்றத்துக்கு, 24-ஏ குத்தகைக்கு. அலுவலகம், பள்ளி, தொழிற்பேட்டை என்று ஒரு துறை கேட்டால் கிராம நிர்வாக அலுவலர் முதல் நில நிர்வாக ஆணையர் வரை அறிக்கை மேலே ஏறும். கோப்பு முடியும் முன்பே நுழைவு அனுமதி கொடுத்து வேலை தொடங்கிவிடுவதும் வழக்கம்.

தலையிட வேண்டிய தருணம் கீழ்மட்டத்தில்தான் இருக்கிறது. கிராமத்தில் ஏ-1 அறிவிப்பு ஒட்டி ஆட்சேபணை கேட்கும்போதும், ஊராட்சித் தீர்மானம் கேட்டு வரும்போதும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சுற்றுச்சுவர் எழுந்த பிறகு எழுதும் மனுவுக்கு மதிப்பில்லை. ஊரில் அறிவித்ததாகக் காகிதத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. ஊராட்சி அறிவிப்புப் பலகையையும் தீர்மானப் புத்தகத்தையும் மாதம் ஒருமுறை பார்க்கும் ஓர் ஆள் ஊருக்கு வேண்டும். மேய்க்காலை மாற்றினால் ஈடாக வேறு நிலம் மேய்க்காலாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நிலம் தாலுகா அலுவலகத் தடையாணைப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதை யாருக்கும் ஒப்படை செய்யக் கூடாது.

குத்தகை முடிந்த நிலங்களும் கவனிக்க வேண்டியவை. குத்தகைக் காலம் முடிந்து, புதுப்பிக்காமல், வாடகையும் கட்டாமல் மன்றங்களும் கம்பெனிகளும் இருந்துகொண்டிருப்பது அரசுக்கே பல சமயம் நினைவில் இருப்பதில்லை. குத்தகை உத்தரவின் நகலையும் கேட்புப் பதிவேட்டையும் (வர வேண்டிய வாடகைக் கணக்கையும்) தகவல் உரிமையில் கேட்டால் கோப்பு விழித்துக்கொள்ளும்.

எதுவும் நகரவில்லை, சிவில் வழக்குதான் என்றால் அரசுக்கு எதிராகத் தொடுக்கும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவில் 2 மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நில அளவைச் சட்டப்படி எல்லை இறுதியாக அறிவிக்கப்பட்ட பிறகு அதை எதிர்த்து வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு என்றால் முதலில் அதிகாரிக்குக் கொடுத்த மனுவும் அதன் ஒப்புகையும் கேட்கப்படும். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.